அடுப்பைச் சுற்றிப் போகும் ரயில்

மலை ரயில் பாதையோரத்து உத்திஸ்டாராவில் ஜசமாயா ராயின் சமையலறைக்குள் தண்டவாளம் நுழைந்தது அசார் என்கிற ஆனி மாதத்து இரண்டாவது மழையில். அந்த வாரம் சோனாதா சந்தையில் உருளைக்கிழங்கு மலிவு, முள்ளங்கி கண்ணில் படவே இல்லை. கிழக்குச் சுவரின் பலகைகள் இரண்டு விலகிக் கொடுக்க, கொட்டிலுக்குள் மாடு தலை நுழைப்பதுபோல இரண்டு இரும்புக் கம்பிகளும் உள்ளே வந்து, மண் தரையில் நேராக ஓடி, மேற்கு ஜன்னல் வழியாக வெளியேறிப் பழைய பாதையோடு போய்ச் சேர்ந்துகொண்டன. அடியில் கட்டைகளும் இடைவெளி பிசகாமல் கூடவே வந்திருந்தன. ஜசமாயா அப்போது நெய்யில் வளையமாகப் பொரிக்கும் சேல் ரொட்டிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். மாவுச் சட்டியை அரை முழம் தள்ளி வைத்துவிட்டு மீதியையும் கரைத்து முடித்தாள்.

ஒரே நாளில் நடந்ததல்ல இது. பெரிய மண்சரிவு மலையையே தோல் உரித்துப் போட்டதே, அதற்கு அடுத்த வருடத்திலிருந்து தண்டவாளம் அந்த வீட்டை நோக்கி நகர்ந்துகொண்டுதான் இருந்தது. முன்பெல்லாம் பாதைக்கும் வீட்டுக்கும் நடுவில் வண்டிச்சாலை முழுசாகக் கிடக்கும். வெயில் அடிக்கும் நாளில் பெண்கள் தண்டவாளத்தில் மிளகாய் காயப்போட்டால் கோழி விரட்ட எழுந்து போகவேண்டியிருக்கும். எஞ்சினின் முகப்பில் உட்கார்ந்து, சக்கரம் வழுக்கும் இடங்களில் கையால் மணல் தூவிக்கொண்டு வருகிற காய்லாதான் இந்த நகர்வுக்கு முதல் சாட்சி. வீட்டில் நாலாவது பிள்ளை என்பதால் காய்லா என்றே அழைக்கப்பட்டு, சொந்தப் பெயரை அவனே மறந்துபோனவன். முதல் வருடம் ஜசமாயா எறிந்த சேல் ரொட்டியை அவன் பாய்ந்து பிடித்தான். இரண்டு மழை கழிந்தபோது கையை நீட்டி வாங்கினான். பிறகு கையை நீட்டவும் வேண்டியிருக்கவில்லை. கடைசியில் அவன் இரண்டு கையிலும் மணல் இருக்க, அவள் ஜன்னலில் நின்றபடியே ரொட்டியை அவன் வாயில் வைத்தாள்.

பாதையை அதன் இடத்தில் வைத்திருப்பது யாருடைய வேலையோ அவன்தான் ஜசமாயாவின் புருஷன். மன்தோஜ் ராய், அந்தப் பகுதியில் பாதை பழுதுபார்க்கும் கேங்குக்கு மேட், அதாவது தலைவன். ஒவ்வொரு வறண்ட காலத்திலும் அவன் ஆட்களைத் திரட்டிக் கடப்பாறை போட்டுத் தண்டவாளத்தைப் பழைய இடத்துக்கு நெம்பித் தள்ளினான். தள்ளும்போது ஆட்கள் பாடுவார்கள்: “மேட் வீட்டு ரொட்டி வாசம், ஐலசா! இரும்புக்கும் மூக்கு உண்டா, ஐலசா!” மன்தோஜ் கடப்பாறையை ஓங்கிக்கொண்டு அடிக்கப் போவான், அவர்கள் இன்னும் சத்தமாகப் பாடுவார்கள். தண்டவாளம் ஒரு வாரம் சொன்ன இடத்தில் கிடக்கும். அடுத்த மழைக்கு, தள்ளியதையும் சேர்த்து ஒரு சாண் கூடுதலாகத் திரும்பி வந்திருக்கும்.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அடுத்த வீட்டு டீக்கடை டோல்மா, இந்தக் குளிரில் இரும்புக்கும் அடுப்பு வேண்டியிருக்கிறது என்றாள். எஞ்சின் டிரைவர் நோர்தென் லெப்சா, கிழட்டு மாடும் கிழட்டு எஞ்சினும் வழியைத் தாமே தேர்ந்துகொள்ளும் என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு யோசிக்கவில்லை. மன்தோஜுக்கு மட்டும் நிஜக் காரணம் தெரியும். பழைய பாதைக்கு அடியில் மலை அழுகிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் உறுதியான பாறை இருந்த ஒரே இடம் அவன் வீடு. தண்டவாளம் காலை ஊன்ற இடம் தேடுகிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அதைச் சொன்னால் அடுத்து வீட்டைக் கொடு என்பார்கள் என்பதும் புரிந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

தண்டவாளம் உள்ளே வந்த அன்று மேலே போகும் வண்டி வழக்கம்போல விசிலடித்துக்கொண்டு வந்து, கிழக்குச் சுவருக்கு முன்னால் நின்றது. எஞ்சினின் மூக்கும் காய்லாவும் சமையலறைக்குள் இருந்தார்கள். மற்றதெல்லாம் மழையில் இருந்தது.

“அக்கா, உள்ள வரலாமா?” என்று நோர்தென் பின்னாலிருந்து கத்தினான்.

“பாதி வந்துட்டு இப்ப என்ன கேள்வி? செருப்பக் கழட்டிட்டு வா.”

“நான் எஞ்சின் மேலதான இருக்கேன்!”

“எஞ்சின் எங்க இருக்கு? என் சமையக்கட்டுல. அந்தக் காய்லாவப் பாரு, வெறுங்காலோடதான வந்திருக்கான்.”

“எனக்குச் செருப்பே கெடையாதுக்கா,” என்றான் காய்லா.

நோர்தென் பூட்ஸைக் கழற்றிக் கரிப்பெட்டியின் மேல் வைத்தான். ஃபயர்மேனும் கழற்றினான். செய்தி பெட்டி பெட்டியாகப் பின்னால் போனது. கார்டு முதல் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் வரை எல்லோரும் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். வண்டி மெதுவாக உள்ளே வந்து அடுப்போரமாகக் கடந்து வெளியே போனது. புகை கொஞ்சம் கூடுதல். மற்றபடி ஒரு குறையும் இல்லை. அன்றிலிருந்து அந்தப் பாதையில் அதுவே வழக்கமாயிற்று. கீழே சிலிகுடியில் ஏறுகிற ஆட்களுக்கும், எப்படியோ, சொல்லாமலே தெரிந்திருந்தது.

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. தண்டவாளம் உள்ளே வந்த பிறகும் நிற்கவில்லை. அடுப்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ராய் வீட்டு அடுப்பு என்பது மூன்று கல். ஒன்று வீட்டின் ஆண் முன்னோர், ஒன்று பெண் முன்னோர், ஒன்று வீடே. பூசாரி வந்து நட்ட பிறகு அந்த வீடு இருக்கும்வரை அவற்றை அசைக்கக் கூடாது. வெளியாள் தொடவும் கூடாது. இறந்துபோன எல்லோரும் திரும்பி வருவது அந்த மூன்று கல்லுக்குத்தான். ஜசமாயாவின் மூத்த பெண் மூன்று வயதில் காய்ச்சலில் போனவள். கல்லை எடுத்தால், இறந்த பெரியவர்கள் வேறு வீட்டுக்கு வழி விசாரித்துக்கொண்டாவது வந்துவிடுவார்கள், அது வழி கேட்கத் தெரியாத வயது என்று ஜசமாயா ஒரே ஒரு முறை மன்தோஜிடம் சொல்லியிருந்தாள். இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பதௌ என்கிற ஆவணி மாதம், வீட்டுக்கு எதிரே பழைய பாதை கிடந்த சரிவு முழுவதும், கேங் ஆட்களின் தகரக் கொட்டகையோடு, பள்ளத்தில் இறங்கிவிட்டது. ஆட்கள் அப்போது டோல்மா கடையில் இருந்ததால் தப்பினார்கள். இனித் தண்டவாளத்தை எங்கே தள்ளுவது? தள்ளினால் ஆகாயத்தில்தான் வைக்கவேண்டும். கல்லுக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்போது எஞ்சினியர் லாஹிரி வந்தார். கல்கத்தாப் பக்கத்துக்காரர், மழைக்கோட்டும் குடையும் இரண்டும் வைத்திருப்பவர், கெட்ட மனிதர் இல்லை. வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஜசமாயா கொடுத்த மணையில் உட்கார்ந்து டீ குடித்தார்.

“பாருங்க தீதி, சோனாதாவுல தகரக் கூரை போட்ட வீடு தர்றோம். தண்ணிக் குழாய் வாசல்லயே. இங்க இருக்கிறதவிட நல்ல அடுப்பு, சிமெண்ட்ல கட்டித் தரச் சொல்றேன்.”

“உங்க வீட்டுல சாமி மாடம் இருக்கா சாஹேப்?”

“இருக்கு.”

“அதவிட நல்லதா சிமெண்ட்ல ஒண்ணு கட்டித் தந்தா, அத எடுத்து வெளிய போட்டுருவீங்களா?”

லாஹிரி டீயை முழுசாகக் குடித்து முடித்தார். பிறகு மன்தோஜைப் பார்த்து, மலையில் கீழிருந்து மேலே அரிசியும் மருந்தும் போக இருப்பது இந்த ஒரு பாதைதான், சாலை இந்த மழையில் மூன்று இடத்தில் போய்விட்டது, தசைன் பண்டிகைக்குள் கற்கள் எடுக்கப்படவேண்டும், இல்லையென்றால் பாதையை மூடவேண்டியதுதான், மூடின பாதைக்கு மேட் எதற்கு என்று மேலே கேட்பார்கள், அதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, அதனால்தான் மன்தோஜுக்குக் கஷ்டமாக இருந்தது.

கேங்கில் ஒருவன்கூட அந்தக் கல்லைத் தொட ஒப்புக்கொள்ளவில்லை. ராய்கள், அடுத்த வீட்டு முன்னோரைத் தொட்டால் கை விளங்காது என்றார்கள். வேறு இனத்துத் தமாங்குகளும் சேத்ரிகளும், ராய்களே தொடாததை நாங்கள் ஏன் தொடவேண்டும் என்றார்கள். அந்த வீட்டு இரத்தம்தான் தொடலாம். அதாவது மன்தோஜ்தான் தொடலாம். முதல் பிள்ளை பிறந்த நாளிலிருந்து, மலை வழக்கப்படி, அவனும் ஜசமாயாவும் ஒருவரையொருவர் கிழவன் கிழவி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

“கிழவி, வேலை போனா சாப்பாடு இல்ல.”

“கிழவா, கல்லு போனா சமைக்க எடமே இல்ல. எது பெரிசு?”

“பாதைய மூடிட்டா மேல இருக்கிற சனம் என்ன திங்கும்? உன் தங்கச்சி மேல கூமுலதான இருக்கா?”

“பாதைய மூடச் சொல்லி நான் சொன்னேனா? வண்டி வரட்டும். நான் என்ன கதவச் சாத்தியா வச்சிருக்கேன்? கல்லுல கைய வைக்காத, அவ்வளவுதான்.”

“ரெண்டும் எப்படி ஆகும்?”

“மேட் நீயா நானா?”

மன்தோஜ் கற்களையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். கல்லுக்கு முன்னால் கேழ்வரகுக் கள்ளை ஊற்றி, இஞ்சியைத் துண்டு துண்டாக அரிந்து வைத்துக்கொண்டான். வெட்டுவாய் மேலே பார்த்து விழுந்தால் சம்மதம், கீழே பார்த்து விழுந்தால் இல்லை. உங்களை எடுக்கலாமா என்று கேட்டுப் போட்டான். எல்லாத் துண்டும் கவிழ்ந்து விழுந்தன. அப்படியானால் வண்டியை வரவேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டுப் போட்டான், அதற்கும் கவிழ்ந்தன. எப்போதும் முன்னோரிடம் மரியாதையாகப் பேசுகிறவன் பொறுமை இழந்தான். “பெரியவங்களே, எடுக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாதுன்னா நான் என்னதான் பண்ணட்டும்? மொட்டையா ‘இல்ல, இல்ல’ன்னா எப்படி?” என்று கையிலிருந்த மீதி இஞ்சியை வீசினான். அந்தத் துண்டுகள் விழுந்த இடத்தில் நிற்கவில்லை. விளிம்பில் நின்று, ஒன்றன்பின் ஒன்றாக, பெட்டிகள் கோத்ததுபோல வரிசையாக உருண்டு, மூன்று கல்லையும் வலமாகச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ச் சாய்ந்தன.

மன்தோஜ் தலையில் அடித்துக்கொண்டான். இந்தப் பாதையில் வேலை செய்கிறவனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே அதுதான்: மலை வழி விடவில்லை என்றால் சுற்றிப் போ. கீழேயிருந்து மேலே வருவதற்குள் பாதை தன்னையே சுற்றி ஏறும் வளைவுகள் எத்தனையோ இருக்கின்றன. மலையைச் சுற்றத் தெரிந்தவர்களுக்கு அடுப்பைச் சுற்றவேண்டும் என்று தோன்றாமல் போனது, வீட்டுக்குள் இருப்பதை யாரும் மலையாக நினைப்பதில்லை என்பதால்தான்.

லாஹிரி இதைக் கேட்டுவிட்டுக் கோபப்படவில்லை. நாடாவை எடுத்துச் சமையலறையை அளந்தார். எட்டு முழம் அகலம். எஞ்சின் ஒன்று மட்டும் திரும்புவதற்கே இதுபோலப் பல சமையலறை வேண்டும் என்றார்.

“சாஹேப், தசைனுக்கு எங்க சொந்தம் மொத்தமும் இங்கதான் உக்காந்து சாப்பிடும். போன வருசம் அறுபது எல. அளந்து பாத்தா பத்துப் பேருக்குத்தான் எடம்,” என்றான் மன்தோஜ்.

“அறுபது பேரா? இதுக்குள்ளயா?”

“வர்றவங்க விருந்தாளியா வந்தா எடம் வந்துரும். ஆபீசரா வந்தாத்தான் பத்தாது.”

அடுப்படியிலிருந்து ஜசமாயா சிரித்தாள். லாஹிரிக்குத் தன் பெரியம்மா வீட்டுத் துர்கா பூஜை நினைவுக்கு வந்ததாகப் பிற்பாடு டோல்மா கடையில் சொன்னார். அந்த வீடும் அப்படித்தானாம், நாடாவுக்குக் கட்டுப்படாதாம். ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், முதல் பெட்டியில் நானே உட்காருகிறேன் என்றார்.

கேங் ஆட்கள் வெறுங்காலோடு வந்து, சுத்தியல்களில் சாக்குச் சுற்றிக்கொண்டு, சத்தம் வராமல் பாதை போட்டார்கள். பாட்டு மட்டும் பாடினார்கள். முன்னோருக்குப் பாட்டு பிடிக்கும் என்று ஜசமாயாவே சொல்லியிருந்தாள். கிழக்குச் சுவரில் நுழைந்து, மூன்று கல்லையும் முழுசாக ஒரு வட்டம் வந்து, ஜன்னலில் வெளியேறும் பாதை. வலமாகச் சுற்றுவதில் நோர்தெனுக்கு மிகவும் திருப்தி. இடமாகச் சுற்றச் சொல்லியிருந்தால் வேறு டிரைவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பேன் என்றான்.

தசைனுக்கு முந்தின வாரம், தூறலில், முதல் வண்டி வந்தது. மூன்று பெட்டி, நடுப்பெட்டியில் சோனாதாவிலிருந்து பெண் அழைத்துப் போகும் கல்யாணக் கூட்டம், மேளத்தோடு. எல்லோர் மடியிலும் செருப்பு இருந்தது. லாஹிரியின் மடியில் ஈர ஷூ. எஞ்சின் சுவரைத் தாண்டி உள்ளே ஏறியது, வளைவின் முதல் கால்பங்கைத் தொட்டது, சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கின. இத்தனை வருடமாக அங்கே ரொட்டி பொரித்த நெய் தரையெல்லாம் ஊறியிருந்தது, தண்டவாளமும் குடித்திருந்தது. இதை மன்தோஜும் நினைக்கவில்லை, லாஹிரியும் நினைக்கவில்லை. காய்லா மணலை அள்ளிக் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அடுப்புக்கு ஒரு முழத்தில் மணல் வீசுவதா? சாதம் வேறு வெந்துகொண்டிருந்தது. வண்டி பின்னால் வழுக்க ஆரம்பித்தது. கடைசிப் பெட்டி சுவருக்கு வெளியே இருந்தது, அதற்குப் பின்னால் பாதை மலையை ஒட்டித் திரும்பும் இடத்தில் பதௌ மாதத்துப் பள்ளம் வாய் திறந்து கிடந்தது. கார்டு பிரேக்கைச் சுற்றினார், பிரேக் பிடித்தும் சக்கரம் வழுக்கியது. மேளக்காரன் வாசிப்பதை நிறுத்தினான்.

“போடுடா காய்லா!” என்று நோர்தென் அலறினான்.

“எப்படிண்ணே போடுவேன்? கல்லு இருக்கே!”

“கிழவி!” என்றான் மன்தோஜ். அவ்வளவுதான் அவனுக்கு வாயில் வந்தது.

ஜசமாயா சாதப் பானையை இறக்கி வைத்தாள். பதறி எதையும் கீழே போடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. மூன்று கல்லுக்கும் நடுவில் கையை விட்டாள். அடுப்புச் சாம்பலை வெளியாள் அள்ளக் கூடாது, வீட்டுக்காரி அள்ளலாம். உள்ளே தணல் கிடக்க, இரண்டு கையாலும் சாம்பலை அள்ளிக்கொண்டு எஞ்சினுக்கு முன்னால் குந்தி, இந்தக் கம்பியில் ஒரு கை, அந்தக் கம்பியில் ஒரு கை என்று வீசினாள். “பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, தள்ளுங்க பெரியவங்களே,” என்று கற்களைப் பார்த்துச் சொன்னாள். திரும்பப் போய் மறுபடி அள்ளினாள். சாம்பல் நெய்யைக் குடித்தது. சக்கரம் ஒரு பல் கடித்தது, இன்னொரு பல் கடித்தது, பிறகு ஊன்றிக்கொண்டது. வண்டி ஏறியது.

அதன் பிறகு நடந்ததை வண்டியில் இருந்த எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள், சண்டையில்லை. எஞ்சின் கற்களைச் சுற்றிக்கொண்டு போனது. மூன்று பெட்டிகளும் பின்னால் வளைந்து வந்தன. முதல் பெட்டி ஜன்னலில் உட்கார்ந்திருந்த லாஹிரி, அடுப்புக்கு அந்தப் பக்கம் கடைசிப் பெட்டி தனக்கு எதிர்த் திசையில் போவதையும், அதில் கார்டு பச்சைக்கொடியை மடியிலிருந்த செருப்போடு சேர்த்து ஆட்டுவதையும் பார்த்தார். சுவர்கள் எட்டு முழத்தில்தான் இருந்தன. நாடாவை மறுபடி விரித்தும் பார்த்தார். வண்டி உள்ளே நுழைந்ததைவிட ஒரு ஆள் உயரம் மேலே வெளியேறியது, தரை சமதளம்தான். எனவே மன்தோஜ் அடுத்த வாரம் ஜன்னலுக்கு வெளியே கல் அடுக்கிப் பாதையை உயர்த்த வேண்டியதாயிற்று. சாதம் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. ஜசமாயாவின் உள்ளங்கைகள் தீபாவளி வரை கொப்புளமாக இருந்தன, அதுவரை மன்தோஜ் சமைத்தான். அவன் சமையலைப் பற்றி யாரும் எதையும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தண்டவாளம் ஒரு விரல்கூட நகரவில்லை. மலை சரிந்த வருடங்கள் எத்தனையோ வந்தன, பாதை பல இடங்களில் போயிற்று, உத்திஸ்டாராவில் மட்டும் போகவில்லை. ஜசமாயா கல்லருகே உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டே ரொட்டி விற்றாள். பெட்டிகளின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அவள் கைக்கு வந்துபோயின. லாஹிரிக்கு மாற்றலாயிற்று, மன்தோஜ் ஓய்வு பெற்றான், காய்லாவுக்குக் கல்யாணமாகி அவனுக்கே நாலு பிள்ளைகள் ஆயின. படம் பிடிக்க வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுடைய ஷூவுக்குத்தான் கயிறு நீளம், அவிழ்க்க நேரமாகும் என்பதால் வண்டி வாசலில் சற்றுக் கூடுதலாக நிற்கும்.

பல வருடம் கழித்து மேலிடத்திலிருந்து டீசல் எஞ்சின் ஒன்றை அனுப்பினார்கள். புதுசு, நீலநிறம், கரியும் வேண்டாம் தண்ணீரும் வேண்டாம், மணல்காரனும் வேண்டாம். அது சுவருக்கு முன்னால் வந்து நின்றபோது ஜசமாயா அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“உள்ள நெருப்பு இருக்கா தம்பி?” என்று புது டிரைவரிடம் கேட்டாள்.

“நெருப்பா? இல்லீங்கம்மா, எண்ணெய்ல ஓடுது.”

“நெருப்பில்லாம இந்தப் பெரியவங்களுக்கு என்ன கொண்டு வந்திருக்கு?”

டிரைவர் ஹாரனை அடித்தான். வண்டியை உள்ளே விட்டான். டீசல் பாதி வளைவுகூடப் போகவில்லை. இந்த முறை சுவர்கள் வெறும் எட்டு முழமாகவே இருந்தன. மூக்கு ஒரு சுவரிலும் பின்புறம் ஒரு சுவரிலும் முட்டிக்கொண்டு நின்றது. சோனாதாவிலிருந்து பழைய நீராவி எஞ்சின் வந்து, கற்களுக்கு முன்னால் கொஞ்சம் தணல் உதிர்த்துவிட்டு, அதை இழுத்துக்கொண்டு போய் வெளியே விட்டது. இந்த மலையில் நீராவி எஞ்சின்கள் இன்னும் ஓடுவதற்கு வேறு காரணங்கள் எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். உத்திஸ்டாராவில் அவற்றை யாரும் படிப்பதில்லை. டீசல் வரும், வாசலில் நிற்கும், நீராவி எஞ்சின் வந்து அதை அடுப்பைச் சுற்றி உள்ளே அழைத்துப் போகும். அதற்குள் டிரைவர் தம்பிக்கு ஒரு டீ குடிக்க நேரமிருக்கும்.